பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய வீடியோ

தனம் அக்கா காலமான செய்தி வந்தபோது, நான் புக்கிட் பெருவாங் ரொட்டிக் கடையில், சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று கடைக்காரரோடு வழக்காடிக்கொண்டிருந்தேன். பெரிய துக்கங்கள் எல்லாம் எனக்கு வாயில் ரொட்டி இருக்கும்போதுதான் வந்து சேர்கின்றன. கைப்பேசியில் மாணிக்கம் மாமாவின் குரல்; அக்காவின் கணவர். அதுவரை எனக்குக் குரல் பதிவு அனுப்பியதே இல்லாத மனிதர்.

“தம்பி, அக்கா விடியக்காலையில போயிட்டா. ஆஸ்பத்திரியிலேயே. உங்க கார்ட்டூன் ஆளுங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க.” அதற்குமேல் பதிவை நிறுத்தத் தெரியாமல் விட்டிருந்தார். நாற்காலி இழுபடும் ஓசை, யாரோ மலாயில் பேர் கேட்பது, பிறகு அவர் மூச்சு.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. பென்டிரைவ் அங்கேதான் இருந்தது.

கார்ட்டூன் ஆளுங்க என்று மாமா சொன்னது நம்மைத்தான், நண்பர்களே. ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களிலிருந்து காட்சிகளை வெட்டி எடுத்து, நமக்குப் பிடித்த தமிழ்ப் பாட்டோடு ஒட்டி, இணையத்தில் போட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்க்கும் நடுவயதுக் கூட்டம். வெளியூரில் இருந்ததால் அன்று வர முடியாமல் போன உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. ‘சாவு வீட்டில் படம் ஓட்டியவன்’ என்று மலாக்கா முழுக்க என் பேர் அடிபடுகிறது. வழக்கமாக அடுத்தவரைப் பற்றி அப்படிப்பட்ட செய்தியைப் பரப்புகிறவன் நான்தான் என்பதால், செய்தி சரியான வடிவத்தில் பரவ வேண்டும் என்பதில் எனக்கு அக்கறை இருக்கிறது.

அக்காவை நான் முதலில் சந்தித்தது ஒரு சண்டையில். இணையத்தில் மின்மினி என்ற பெயரில் யாரோ ஒருவர் வீடியோ போட்டுவந்தார். பெரிய பெரிய இயந்திர மனிதர்கள் மோதிக்கொள்ளும் ஒரு தொடர். அதற்கு அவர் வைத்திருந்தது தாலாட்டு. அதில் ஓர் அடிகூட விழவில்லை. அடிக்கக் கை ஓங்கும் கணம், ஓங்கியவன் மூச்சை இழுக்கும் கணம், எதிராளி கண்ணை மூடும் கணம், அவ்வளவுதான். நான்கு நிமிடமும் நான் தோளைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மின்மினி சென்னையிலோ ஜகார்த்தாவிலோ இருக்கும் கல்லூரிப் பையன் என்று தீர்மானித்து, ‘இரண்டாவது சரணத்தில் வெட்டு முன்கூட்டியே விழுகிறது, கவனிக்கவும் தம்பி’ என்று பெரிய மனிதத் தோரணையில் கீழே எழுதினேன். ‘வேணும்னுதான் வெட்டினேன். புக்கிட் பெருவாங் பாசார் மாலாம், கரும்புத் தண்ணிக் கடைக்கு வாங்க, காட்டுறேன்’ என்று பதில் வந்தது.

அந்த இரவுச் சந்தைக்குப் போனால், கையில் கங்கோங் கீரைக் கட்டோடு ஐம்பது தாண்டிய ஓர் அம்மா. குருபோங் தொழிற்சாலையில் மின்னணுச் சில்லுகளை உருப்பெருக்கியில் வைத்துப் பழுது தேடியே பாதி ஆயுளைக் கழித்தவர் என்பது பிறகு தெரிந்தது.

“நீங்கதான் கவனிக்கச் சொன்ன பெரியவரா?” என்றார். நான் கரும்புத் தண்ணியைக் குடிப்பதுபோல் நடித்தேன். “இங்க பாருங்க தம்பி. பஸ்ஸுல போறவன் வளைவு வந்தப்புறமா சாயுறான்? வளைவு வர்றதுக்கு முன்னாலயே சாயுறான் இல்ல? படமும் அப்படித்தான். கண்ணு முன்னால போயிடணும். தாளம் பின்னால வந்து உக்காரணும்.”

அதே இடத்தில் என் வீடியோ ஒன்றையும் காட்டித் தொலைத்தேன். குத்துப்பாட்டு, வாள் சண்டை, தாளத்துக்குத் தாளம் வெட்டு. முழுவதையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “இது வீடியோவா, பிரேக் பிடிக்காத லாரியா லா?” என்று கேட்டார். அன்றிலிருந்து நான் அவர் கட்சி.

இனி பென்டிரைவுக்கு வருகிறேன்.

இதய அறுவைச் சிகிச்சைக்கு முன்தினம் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அக்கா தலையணைக்கு அடியிலிருந்து அதை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை மூடினார்.

“இது மாமாவுக்கு. திரும்பி வந்தா நானே போட்டுக் காட்டிக்குவேன். வரலைன்னா நீங்க காட்டணும்.”

“அதெல்லாம் வருவீங்க அக்கா.”

“குறுக்க பேசாதீங்க தம்பி. ஒரு கண்டிஷன். அவர் பார்க்குறப்ப நான் பக்கத்துல இருக்கணும். என்னை எடுத்துக்கிட்டுப் போறதுக்கு முன்னால காட்டிடணும். முடியலைன்னா அழிச்சிடுங்க. அப்புறமா காட்ட வேணாம். கூட நான் இல்லாம பார்த்தா அது அவருக்கு வெறும் கார்ட்டூன்.”

உங்களில் அவர் வீட்டுக்குப் போனவர்களுக்கு இந்தக் கண்டிஷன் புரியும். அவர் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில், டிவிக்கு முதுகைக் காட்டியபடி ஒரு நாற்காலி கிடக்கும். வீடியோ ஓடும்போது அக்கா அதில் உட்கார்ந்து நம் முகத்தைப் பார்ப்பார். படத்தை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். “எந்த இடத்துல நீங்க கண்ணைச் சிமிட்டுறீங்களோ, அந்த இடத்துல நான் தோத்துட்டேன்” என்பார். நான் கண் எரிய எரிய விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மாமா மட்டும் அவர் வீடியோ எதையும் முழுதாகப் பார்த்ததில்லை. வெறுப்பு எல்லாம் கிடையாது. காலை இருட்டோடு எழுந்து பஸ் ஓட்டுகிற மனிதர். எந்தத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தாலும் தூங்கிவிடுவார். ஒருமுறை என் கண் முன்னாலேயே முதல் இடையிசை முடிவதற்குள் குறட்டை விட்டார். அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சங்கடத்தில் நெளிந்தேன். “அவர் தூங்கல தம்பி. என் வீடியோ தூங்கிடுச்சு” என்று அணைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் மாமாவை அழைத்ததும் இல்லை, மாமா கேட்டதும் இல்லை.

ஆக, ரொட்டியைப் பாதியில் விட்டுவிட்டு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் திட்டம் போட்டேன். எப்படியும் மறுநாள்தான் எடுப்பார்கள். மாலையில் கூட்டம் குறைந்ததும் மாமாவை உட்கார வைத்து, டிவியில் பென்டிரைவைச் செருகினால் வேலை முடிந்தது. நான் போடுகிற திட்டங்கள் எப்போதும் இந்த அழகில்தான் இருக்கும்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அக்காவைக் கொண்டுவந்து கூடத்தில் பெட்டியில் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு. அவருக்கு நேர் எதிரே, சுவரில் மாட்டிய டிவியின்மேல் வெள்ளை விரிப்பு ஒன்றைப் போர்த்தி நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கண்ணாடிக்கும் அப்படியே. கட்டியவர் பூங்காவனம் அத்தை, மாமாவின் அக்கா. ஊரில் எந்தத் துக்க வீட்டிலும் எதை எப்போது செய்வது என்று அவரைக் கேட்டுத்தான் செய்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்.

“அத்தை, டிவியில ஒரு சின்ன…”

“டிவியா?” என்றார் அத்தை. நான் ஏதோ ஆட்டுக்கறி கேட்டதுபோல. “கருமக்கிரியை முடியறவரைக்கும் இந்த வீட்டுல டிவி போடக் கூடாது. தெரியாதா உனக்கு? உங்கம்மா உனக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கலையா?”

“அக்காவோட கடைசி ஆசை அத்தை.”

“அவளுக்கு ஆயிரம் ஆசை. சடங்குன்னு ஒண்ணு இருக்குல்ல? இன்னொண்ணும் கேட்டுக்க. மின்சுடலையில இன்னிக்கு அஞ்சு மணிக்கே இடம் கிடைச்சிருக்கு. மூணு மணிக்குக் கிரியை செய்யப் பண்டாரம் வந்துடுவாரு. நாலரைக்கு எடுத்துடுவோம். குறுக்க நிக்காம ஓரமாப் போ.”

மணியைப் பார்த்தேன். ஒன்று ஆகப்போகிறது. மறுநாள் என்று நான் நம்பியிருந்த பொழுது அப்படியே காணாமல் போயிருந்தது.

மாமா உள்ளே இல்லை. கூடாரத்தில், எல்லோருக்கும் பின்னால், சாலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். பெட்டி வந்ததிலிருந்து வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லையாம். யார் கூப்பிட்டாலும் “வரேன், வரேன்” என்கிறார், எழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“மாமா, உள்ள வந்து அக்கா பக்கத்துல கொஞ்ச நேரம்…”

“வரேன் தம்பி” என்றார். ஒரு லாரி போவதைத் தலை திருப்பிப் பார்த்தார். “சாப்பிட்டீங்களா?”

கைப்பேசியிலேயே காட்டிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பையில் இருந்து எடுத்தும் விட்டேன். ஆனால் மாமா இங்கே, அக்கா அங்கே. நடுவில் ஒரு சுவரும் அத்தையும். பக்கத்தில் என்றால் பக்கத்தில்தான். கைப்பேசியை மீண்டும் பைக்குள் போட்டேன். அழித்துவிடச் சொன்னது ஞாபகம் வந்தது. இதுவரை அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அக்கா அதில் என்ன செய்திருந்தார் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமலே போய்விடும்.

இரண்டாம் முறை கூடத்துக்குள் போய் நின்றபோதுதான் அந்த வெள்ளை விரிப்பைச் சரியாகப் பார்த்தேன். சுருக்கமில்லாமல், விறைப்பாக, அளவாக. அத்தை எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்வார். வெளியே ஓடிவந்து லோகாவை அழைத்தேன். மஸ்ஜித் தானாவில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் நம் லோகாவை உங்களுக்குத் தெரியும்.

“லோகா, படம் காட்டுற புரொஜெக்டர் வச்சிருக்கியா?”

“கோயில் மண்டபத்துல மாட்டியிருக்கேன். ஏன்?”

“கழட்டிக்கிட்டு வா. ஸ்பீக்கர் சின்னதா ஒண்ணு. பண்டாரம் வர்றதுக்கு முன்னால.”

“பைத்தியமா ஒனக்கு? நாப்பது நிமிஷம் ஆகும் லா, ஜாம் இல்லன்னாலே.”

“தனம் அக்காவுக்கு.”

“ஏணி எங்க வச்சேன்னு தெரியலையே” என்றபடியே லோகா இணைப்பைத் துண்டித்தான்.

லோகா வரும்வரை நான் பட்ட பாட்டை என்ன சொல்ல. இரண்டு மணியாயிற்று. மாலைகள் வந்தன. தொழிற்சாலையில் அக்காவோடு வேலை செய்த பெண்கள் வந்து அழுதார்கள். நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்து நடந்து, இரண்டு பேர் என்னைப் பந்தல்காரர் என்று நினைத்துத் தண்ணீர் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா ஒருமுறை சொன்னது அப்போது மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நம் குழுவில் ஒருவர் ‘மழை’ என்று பாடும் இடத்தில் எல்லாம் மழையும், ‘நிலா’ என்று பாடும் இடத்தில் எல்லாம் நிலாவும் வைத்து ஒரு வீடியோ செய்திருந்தார். பெயர் வேண்டாம், மனிதர் இதைப் படிப்பார். அக்கா, “இது எடிட்டிங் இல்ல, சப்டைட்டில். பாட்டு ஒண்ணு சொல்லணும், படம் இன்னொண்ணு சொல்லணும். ரெண்டையும் சேர்த்து மூணாவதா ஒண்ண பார்க்குறவங்களே சொல்லிக்கணும். அதை நாம சொல்லிட்டா அவங்களுக்கு என்ன வேலை?” என்றார். மாமாவுக்காக அவர் எதைச் சொல்லாமல் விட்டிருப்பார் என்று யோசித்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லோகா வந்தபோது மணி இரண்டே முக்கால். வியர்வையில் குளித்திருந்தான். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பெட்டியின் கால்மாட்டுக்கு அப்பால் புரொஜெக்டரை வைத்து, பென்டிரைவைச் செருகினோம். வரிசை வீடுகளின் கூடத்தில் பகலிலேயே விளக்கு வேண்டும். குழல்விளக்கை அணைத்ததும் போதுமான இருட்டு. அத்தை சமையலறையில் இருந்து வருவதற்குள் லோகா பொத்தானை அழுத்திவிட்டான்.

விரிப்பில் வெளிச்சம் விழுந்தது. படம் வந்தது, தலைகீழாக.

“கோயில்ல கூரையில தலைகீழாத்தான மாட்டியிருந்தேன்” என்றான் லோகா, செத்த குரலில். “மாத்தணும்னா ரிமோட் வேணும்.”

“எடு.”

“ஏணி மேல வச்சிட்டு வந்துட்டேன்.”

அதற்குள் அத்தை வந்துவிட்டார். கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாம் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

“என்னடா இது? டிவி போடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“போடலை அத்தை” என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. “டிவி மூடித்தான் இருக்கு. நீங்க கட்டின கட்டு அப்படியே இருக்கு பாருங்க.”

அத்தை விரிப்பின் அருகே போனார். ஒரு மூலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். முடிச்சு அசையவில்லை. விரிப்பில் முதல் காட்சியிலேயே உறைந்து, தலைகீழாகத் தொங்கிய ஒரு பஸ்ஸைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பெட்டியில் இருந்த முகத்தைப் பார்த்தார்.

“இதுவா அவ கேட்டது?”

“மாமா பார்க்கணும்னு கேட்டாங்க. அவங்க பக்கத்துல இருக்கும்போது.”

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனார். கூடாரம் முழுக்கக் கேட்கும்படி, “மாணிக்கம்! எந்திரிச்சு உள்ள வா. உன் பொண்டாட்டி கூப்புடுறா” என்றார்.

நாங்கள் யார் கூப்பிட்டும் எழாத மனிதர் எழுந்து வந்தார். பெட்டியின் பக்கத்தில் அத்தையே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மாமா உட்கார்ந்து, எங்கே கையை வைப்பது என்று தெரியாமல், பெட்டியின் விளிம்பில் வைத்தார். லோகா புரொஜெக்டரைத் தூக்கி, தலைகீழாகப் புரட்டி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். படம் நேரானது. நான் பாட்டைத் தொடக்கினேன்.

பாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். உரிமைக்காரர்கள் என்மேல் வழக்குப் போட்டுவிடுவார்கள். ஒரு காலத்தில் இங்கே ஓடிய எல்லா பஸ்ஸிலும் அதுதான் ஒலித்தது. படத்தில் எல்லாமே முதுகுகள். எத்தனை தொடர்களில் இருந்து பொறுக்கினாரோ, ரயில் ஓட்டுகிறவனின் பிடரி, இயந்திர மனிதனுக்குள் உட்கார்ந்து இயக்குகிறவனின் தோள், வாளோடு நடந்து போகிறவன், கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டுகிறவனைப்போல் சட்டியோடு போராடும் ஒரு கிழவன், சைக்கிள் மிதிப்பவனின் சட்டையைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்திருப்பது. யாருக்குமே முகம் கிடையாது. பாட்டில் ஆணும் பெண்ணும் கண்களைப் பற்றியே பாடிக்கொண்டிருந்தார்கள். படத்தில் ஒரு கண்கூட இல்லை.

லோகாவின் கை நடுங்கத் தொடங்கியது. கனம் ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம். விரிப்பில் படம் முழுவதும் குலுங்கியது. எனக்கு உயிர் போயிற்று. ஒரு ஃப்ரேம் தப்பினாலே முகம் சுளிக்கும் அக்காவின் கடைசி வீடியோவை இப்படி ஆட்டிக் கெடுக்கிறோமே என்று அவனிடம் கையால் சாடை காட்டினேன். அப்போது மாமா, யாரையும் பார்க்காமல், “குருபோங் ரோட்டுல பஸ்ஸு இப்படித்தான் ஆடும்” என்றார்.

அவர் தூங்கவில்லை. மூன்றாம் நிமிடமும் தாண்டியது. நான் அக்கா செய்வதுபோல் விரிப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் சிமிட்டவில்லை. பாட்டு முடியப் போகும் இடத்தில் அந்த முகம் மாறியதைப் பார்த்துத்தான் திரும்பினேன். ஏதோ ஒரு தொடரில் ஒரே ஒரு காட்சியில் வந்து போகும் பஸ் ஓட்டுநர். அவரும் முதுகுதான். அவர் தலைக்கு மேலே பின்பார்வைக் கண்ணாடி. அதில் இரண்டு கண்கள் நிமிர்ந்து பார்த்தன. தாளம் அதற்குப் பிறகுதான் வந்து விழுந்தது. விரிப்பு வெள்ளையாயிற்று.

“அடிப்பாவி” என்றார் மாமா, பெட்டியைப் பார்த்து. “கண்ணாடிய நான் திருப்பி வச்சது உனக்குத் தெரியுமா?”

அவர் ஃபேக்டரி பஸ் ஓட்டிய காலத்தில், உள்ளே இருந்த அந்தக் கண்ணாடியை ஒரு சன்னலோர இருக்கையின் பக்கம் திருப்பி வைத்திருந்தாராம். அதில் உட்கார்ந்து வந்த பெண்ணைத்தான் பிறகு கட்டிக்கொண்டார். இது அவளுக்குத் தெரியாது என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தார். சொல்ல வெட்கம். அக்காவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை.

வாசலில் பண்டாரத்தின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

“தம்பி, இன்னொரு வாட்டி போடுங்க” என்றார் மாமா.

“மாமா, கை…” என்று லோகா முனகினான்.

“போடுறா!” என்றார் பூங்காவனம் அத்தை. “பண்டாரம் காத்திருப்பாரு. நான் சொல்லிக்கிறேன்.” சொல்லிவிட்டு, தானே போய் லோகாவின் கைகளுக்கு அடியில் தன் கைகளைக் கொடுத்துத் தாங்கினார். இரண்டாம் முறை படம் அவ்வளவாக ஆடவில்லை.

அந்த இரண்டாம் முறையில் எல்லோரும் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாமா குனிந்து அக்காவின் காதருகே ஏதோ சொன்னார். கேட்கும் தூரத்தில் நின்றவன் நான் ஒருவன்தான்.

குழுவில் எல்லோரும் வீடியோவை அனுப்பச் சொல்லிக் கேட்கிறீர்கள். அது என்னிடம் இல்லை. அன்றே பென்டிரைவை மாமாவின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு வந்தேன். தனம் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, மாமா அவர் காதில் சொன்ன அந்த ஒற்றை வாக்கியம். என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அதில் இதுவரை எதுவும் தங்கியதில்லை. கருமக்கிரியை முடிந்த மறுவாரம் பூங்காவனம் அத்தை ஒரு டின் முறுக்கோடு என் வீட்டுக்கே வந்து, கதவைச் சாத்திவிட்டு, “அவன் என்னடா சொன்னான்?” என்று கேட்டார்.

முறுக்கைத் தின்றேன். சொல்லவில்லை.